காட்டப்பட்ட நீளமும் கொடுக்கப்பட்ட நீளமும்: ஒரு கோர் கோப்பின் ஆய்வு

பின்னணி

வலைப்பின்னல் வழியாக வரும் செய்திகளைப் பெற்று, அவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகப் பகுத்து, அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் ஒரு சேவை நிரல் இடையிடையே முறிந்து நின்றதையும், அதன் காரணம் கண்டறியப்பட்ட விதத்தையும் இக்குறிப்பு பதிவு செய்கிறது. நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. 64-பிட் லினக்ஸில், ஜிசிசி கம்பைலரின் ஓ2 நிலை உகப்பாக்கத்துடன் (வேகத்துக்காகக் கட்டளைகளை மாற்றியமைப்பதுடன்) கட்டப்பட்டு, பல இழைகளுடன் இடைவிடாமல் ஓடியது. அதைப் பராமரித்தது ஒரு சிறு குழு. குழுவினர் அனைவருக்கும் மூலநிரல் நன்கு தெரியும். ஆனால் முறிந்த நிரலின் கோர் கோப்பைத் (முறிந்த கணத்தில் அதன் நினைவகமும் செயலியின் நிலையும் பதிவான கோப்பைத்) திறந்து படித்த பழக்கம் ஓரிருவருக்கே இருந்தது.

செய்தியின் அமைப்பை அறியாமல் பின்வருவதைத் தொடர முடியாது. ஒவ்வொரு செய்தியும் 16 பைட் தலைப்பகுதியுடன் தொடங்கும். தலைப்பகுதியையும் உள்ளடக்கிய மொத்த நீளம் அதில் ஒரு 32-பிட் புலமாக இருக்கும். அதற்குப் பின் பதிவுகள் வரிசையாக வரும். ஒவ்வொரு பதிவின் முதல் இரு பைட்டுகளும் அந்தப் பதிவின் நீளத்தைச் சொல்லும்.

இந்நிகழ்வில் தொடர்புள்ள செயற்கூறுகள் இரண்டு. முதலாவது, செய்திக்கென ஒதுக்கிய நினைவக இடமான பஃபரில் செய்தியை முழுவதும் வாங்கிக்கொண்டு, பகுக்கும் வேலையை இரண்டாவதிடம் ஒப்படைக்கிறது. வசதிக்காக முதலாவதை ஏற்பி என்றும் இரண்டாவதைப் பகுப்பி என்றும் இனிக் குறிப்பிடுவோம். ஏற்பி பகுப்பிக்குக் கொடுப்பவை நான்கு ஆர்கியுமென்ட்கள், அதாவது அழைக்கும்போது தரும் மதிப்புகள்: இணைப்பின் விவரங்களைச் சுட்டும் பாயின்டர் (நினைவக முகவரி), முதல் பதிவைச் சுட்டும் பாயின்டர், பகுக்க வேண்டிய பைட்டுகளின் நீளம், சில கொடிகள். பகுப்பி ஒரு மடக்கில் ஓடி, நீளம் சுழியாகும் வரை ஒவ்வொரு பதிவையும் 64 கிலோபைட் தற்காலிக இடம் ஒன்றில் நகலெடுத்துக் கையாண்டபின், பாயின்டரைப் பதிவின் நீளத்துக்கு முன்னே நகர்த்தி, அதே அளவை நீளத்திலிருந்து கழிக்கும். முன்னே நகர்வதும் குறைவதும், ஏற்பி கொடுத்த மதிப்புகளைத் தாங்கி வந்த அதே மாறிகள்தாம். இந்தச் சிறு வசதி பின்னால் எவ்வளவு குழப்பத்தைத் தந்தது என்பதே இந்த ஆய்வின் பெரும்பகுதி.

முதல் முறிவுகளும் கோர் கோப்பும்

தொடக்கத்தில் கையில் கிடைத்தது, இயங்குதளத்தின் கருவான கெர்னலின் பதிவேட்டில் ஒற்றை வரி மட்டுமே. நிரல் நினைவக மீறலால் நிறுத்தப்பட்டது என்பதோடு, பிழைக் குறியெண் 4 என்றும் அவ்வரி சொன்னது. எக்ஸ்86 செயலிகளில் இந்த எண், பயனர் நிலையில் ஓடிய நிரல் இல்லாத பக்கம் ஒன்றைப் படிக்க முயன்றதைக் குறிக்கும். எழுத முயன்றிருந்தால் 6 வந்திருக்கும். ஆகவே இலக்கு இடம் நிரம்பி வழியவில்லை, மூலத்தைத் தாண்டிப் படித்ததே சிக்கல் என்பது அந்த ஒற்றை எண்ணிலேயே இருந்தது. அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கோர் கோப்பு எழுதப்படாததற்குக் காரணம், சேவைக்கு விதிக்கப்பட்டிருந்த கோர் அளவு வரம்பு சுழியாக இருந்தது. வரம்பு நீக்கப்பட்டது. கோர் கோப்பில் செய்திகளின் உள்ளடக்கமும் மறைகுறியீட்டுச் சாவிகளும் அப்படியே படிந்துவிடும் என்பதால், அது எழுதப்படும் அடைவுக்கான அனுமதி இருவருக்கு மட்டும் தரப்பட்டது. அடுத்த முறிவில் கோப்பு கிடைத்தது. அதைத் தம் கணினியில் டீபக்கரில் (நிரலின் நிலையை ஆராயும் கருவியில்) திறந்த ஒருவருக்கு முதலில் பொருளற்ற பேக்ட்ரேஸ்தான், அதாவது எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியல்தான், தெரிந்தது; காரணம், அவரது கணினியிலிருந்த சி நூலகம் வேறு பதிப்பு. நிரல் ஓடிய இயந்திரத்திலிருந்தே நூலகங்களை எடுத்து, கட்டமைப்பு அடையாள எண் ஒத்துப்போகும் டீபக் தகவல் கோப்பையும் (மாறிகளும் செயற்கூறுகளும் எங்கே உள்ளன என்று கம்பைலர் எழுதிவைக்கும் குறிப்பையும்) சேர்த்துத் திறந்தபின் ஃபிரேம்கள், அதாவது அழைப்புக்கு ஒன்றாக உள்ள அப்பட்டியலின் படிகள், சரியாக வரிசைப்பட்டன.

மேல் ஃபிரேமில், பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற சி நூலகச் செயற்கூறு இருந்தது. நூலகத்துக்கு டீபக் தகவல் இல்லாததால் அதன் ஆர்கியுமென்ட்கள் எவையும் காட்டப்படவில்லை. அதற்கு அடுத்த ஃபிரேம் பகுப்பி. அதன் நான்கு ஆர்கியுமென்ட்களில் இணைப்பு பாயின்டர் சரியாகத் தோன்றியது. பதிவு பாயின்டர் ஏதோ ஒரு முகவரியைக் காட்டியது. கொடிகளுக்கு எதிரே மதிப்பு இல்லை, ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ (உகப்பாக்கத்தில் நீக்கப்பட்டது) என்ற அறிவிப்பு மட்டும் இருந்தது. நீளத்துக்கு எதிரே 18446744073709551608 என்று இருந்தது.

முதல் முடிவும் அதன் காரணமும்

அந்தப் பெரிய எண்ணைக் குழு உடனே அடையாளம் கண்டுகொண்டது. 64-பிட் குறியிலா எண்ணாக (எதிர்மறைக் குறிக்கு இடமில்லாத வகை எண்ணாக) எழுதப்பட்ட −8 அது. ஆகவே, ‘ஏற்பி பகுப்பிக்கு −8 என்ற நீளத்தைக் கொடுத்திருக்கிறது’ என்ற முடிவுக்கு வந்தார்கள். ஏற்பியின் மூலநிரலைப் பார்த்தபோது அந்த முடிவு இன்னும் வலுப்பட்டது. அது மொத்த நீளத்திலிருந்து 16-ஐக் கழித்துப் பகுப்பிக்குத் தருகிறது. மொத்த நீளம் 16-க்குக் குறைவாக இருக்கிறதா என்று எங்கும் சரிபார்க்கவில்லை. யாராவது மொத்த நீளம் 8 என்று எழுதிய செய்தியை அனுப்பினால் விடை −8. எண் பொருந்தியது, குறைபாடும் உண்மையானது, திருத்தமும் ஒரு வரி. மொத்த நீளம் 16-க்குக் குறைந்தால் செய்தியை நிராகரிக்கும் நிபந்தனை சேர்க்கப்பட்டு, புதிய பதிப்பு வெளியானது.

இந்த முடிவை அவசர முடிவு என்று ஒதுக்குவது நியாயமாக இராது. டீபக்கர் பேக்ட்ரேஸில் செயற்கூற்றின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மதிப்புகளைக் காட்டும்போது, அது அழைப்பின் வடிவத்திலேயே எழுதப்படுகிறது. படிப்பவர் கண்ணுக்கு ‘இந்த மதிப்புகளுடன் அழைக்கப்பட்டது’ என்றுதான் படும். உண்மையில் டீபக்கர் சொல்வது, ‘இந்தப் பெயருள்ள மாறியின் மதிப்பு, நிரல் நின்ற இந்தக் கணத்தில் இது’ என்பதை மட்டுமே. ஆர்கியுமென்ட்டைத் தாங்கிய மாறியைச் செயற்கூறு மாற்றாத வரை இரண்டும் ஒன்று. பெரும்பாலான செயற்கூறுகள் மாற்றுவதில்லை என்பதால், இந்த வேறுபாட்டை மறந்தே பல ஆண்டுகள் வேலை செய்துவிட முடியும்.

ஆனாலும், அந்த முடிவைச் சோதிக்க ஒரு வழி அன்றே இருந்தது. மொத்த நீளம் 32-பிட் எண். அதிலிருந்து 16 என்ற மாறிலியைக் கழிப்பதும் 32-பிட்டிலேயே நடக்கிறது; விடை அதன்பிறகுதான் 64-பிட்டாக விரிக்கப்படுகிறது. குறியிலா எண் விரியும்போது மேல் பாதியில் சுழிகள் நிரம்பும். எனவே 8-இலிருந்து 16-ஐக் கழித்திருந்தால் பகுப்பிக்குக் கிடைத்திருக்கும் மதிப்பு 4294967288. கோர் கோப்பில் இருந்ததோ 64 பிட்டும் நிரம்பிய −8. அந்த எண் ஏற்பியில் பிறந்திருக்கவே முடியாது. ‘−8’ என்று சுருக்கி எழுதிக்கொண்டதில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

மீண்டும் முறிவு

திருத்திய பதிப்பு வெளியான பிறகும் நிரல் முறிந்தது. புதிய கோர் கோப்பிலும் பகுப்பியின் நீளம் அதே 18446744073709551608. புதிய நிபந்தனையால் நிராகரிக்கப்பட்டதாக ஒரு செய்தியும் பதிவேட்டில் இல்லை.

இக்கட்டத்தில் குழுவில் இரண்டு கருத்துகள் எழுந்தன. உகப்பாக்கமே இல்லாத பதிப்பைக் கட்டி ஓடவிட்டால் எல்லா ஆர்கியுமென்ட்களும் ஸ்டாக்கில் (அழைப்புகளின் விவரங்கள் அடுக்கப்படும் நினைவகப் பகுதியில்) நிலையாக இருக்கும், அடுத்த முறிவில் அனைத்தையும் தெளிவாகக் காணலாம் என்பது ஒன்று. இது ஏற்கப்படவில்லை. சேவை அந்த வேகக் குறைவைத் தாங்காது என்பது வெளிப்படையான காரணம். நினைவக ஒதுக்கீட்டின் காலமும் வரிசையும் மாறினால் முறிவே வராமல் போகலாம் என்பது அதைவிட முக்கியமான காரணம். பின்னால் தெரியவந்ததைப் பார்க்கும்போது அந்த அச்சம் சரியானது. மேலும், உகப்பாக்கம் இல்லாத பதிப்பிலும் நீளத்தின் இடத்தில் அதே பெரிய எண்தான் தெரிந்திருக்கும். மாறியை மாற்றியது மூலநிரல், கம்பைலர் அல்ல.

கையிலுள்ள கோர் கோப்பையே, டீபக்கரின் பேக்ட்ரேஸ் வரியை நம்பாமல், செயலியின் சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களிலிருந்து தொடங்கிப் படிப்பது என்பது மற்றக் கருத்து. கோர் கோப்பு வாசித்த அனுபவம் உள்ள ஒருவரிடம் அந்தப் பொறுப்பு தரப்பட்டது. ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்தக் கணத்துக்கு உரியது என்ற இரண்டையும் எழுத வேண்டும் என்று அவர் வைத்துக்கொண்ட ஒழுங்கு, பின்னர் குழு முழுவதற்கும் விதியாயிற்று.

மேல் ஃபிரேமில் கண்டவை

64-பிட் லினக்ஸின் அழைப்பு மரபில் முதல் ஆறு முழுஎண் அல்லது பாயின்டர் ஆர்கியுமென்ட்கள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற வரிசையில் ரெஜிஸ்டர்களில் செல்கின்றன. அதற்கு மேற்பட்டவை மட்டுமே ஸ்டாக்கில் வைக்கப்படும். பழைய 32-பிட் எக்ஸ்86 லினக்ஸில் வழக்கமாக எல்லா ஆர்கியுமென்ட்களும் ஸ்டாக்கில் இருந்ததால், திரும்பும் முகவரிக்கு அடுத்த இடங்களைப் படித்தாலே போதும். அந்த வசதி இங்கு இல்லை. மேற்சொன்ன ஆறு ரெஜிஸ்டர்களையும், அழைக்கப்பட்ட செயற்கூறு தன் விருப்பப்படி அழித்தெழுதலாம். எனவே, செயற்கூற்றின் முதல் கட்டளையில் நிற்கும்போது மட்டுமே அவற்றை ஆர்கியுமென்ட்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

மெம்காப்பி நின்றிருந்தது அதன் நடுவில். பிழை ஏற்பட்ட கட்டளையைப் பிரித்துப் பார்த்தபோது, அது பைட்டுகளைத் தொடர்ச்சியாக நகர்த்தும் ரெப் மூவ்எஸ்பி. இந்தக் கட்டளை ஓட ஓட ஆர்எஸ்ஐயும் ஆர்டிஐயும் முன்னேறும், ஆர்சிஎக்ஸ் குறையும். இடையில் பிழை நேர்ந்தால், அதுவரை முடிந்த வேலைக்கு ஏற்ற மதிப்புகளுடன் மூன்றும் நிற்கும். ஆகவே ஆர்எஸ்ஐயில் இருந்தது மூலத்தின் தொடக்கம் அல்ல, படிக்க முடியாமல்போன முதல் பைட்டின் முகவரி. அந்த முகவரி 4096-இன் சரியான மடங்காக, அதாவது ஒரு நினைவகப் பக்கத்தின் முதல் பைட்டாக இருந்தது. கெர்னல் பதிவேட்டின் பிழைக் குறியெண் 4 சொன்னதும் இதுவே.

இலக்கின் தொடக்கத்தை அறிய ஆர்ஏஎக்ஸ் உதவியது. மெம்காப்பி திருப்பித்தர வேண்டிய மதிப்பு இலக்கு முகவரியே என்பதால், நூலகத்தின் இந்த வடிவம் நுழைந்தவுடன் அதை ஆர்ஏஎக்ஸில் வைத்துவிடுகிறது. ஆர்டிஐயிலிருந்து ஆர்ஏஎக்ஸைக் கழித்தால் 1320. அத்தனை பைட்டுகள் நகலாகியிருக்கின்றன. ஆர்சிஎக்ஸில் எஞ்சியிருந்தது 23610. இரண்டும் சேர்ந்து 24930. ஆக, பகுப்பி மெம்காப்பியிடம் கேட்டது 24930 பைட்டுகளை.

இந்த எண்ணே ஒரு சான்று. பதிவின் நீளம் இரண்டு பைட்டுகளில் உள்ளது; 24930 என்பது 97-ஐயும் 98-ஐயும் அடுத்தடுத்து வைத்தால் வரும் எண். இவை ரோமன் நெடுங்கணக்கின் முதல் இரு சிறிய எழுத்துகளுக்கான ஆஸ்கி குறியெண்கள். அந்த இடத்தின் நினைவகத்தைப் படித்தபோது, முன்பு எப்போதோ பயன்பட்டு விடுவிக்கப்பட்ட ஓர் உரைச்சரத்தின் மிச்சம் அங்கே கிடந்தது. பகுப்பி பதிவு என்று நினைத்துப் படித்தது பதிவே அல்ல.

பகுப்பியின் ஃபிரேமில் கண்டவை

அடுத்து, மெம்காப்பியை அழைத்த ஃபிரேமுக்குச் சென்று பகுப்பி ஆராயப்பட்டது. ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரையிலான ரெஜிஸ்டர்களை, அழைக்கப்படும் செயற்கூறு பயன்படுத்தினால் திரும்பும் முன் பழைய மதிப்புகளை மீட்டுத்தர வேண்டும் என்பது மரபு. அழைப்புகளைத் தாண்டி நிலைக்க வேண்டிய மதிப்புகளைக் கம்பைலர் இவற்றில்தான் வைக்கும். பகுப்பியின் தொடக்கக் கட்டளைகள் இணைப்பு பாயின்டரை ஆர்பிஎக்ஸிலும், பதிவு பாயின்டரை ஆர்பிபியிலும், நீளத்தை ஆர்12-லும் நகலெடுத்தன. கொடிகளை மடக்குக்கு முன்பே ஒருமுறை சோதித்துவிட்டு, பிறகு அவற்றுக்குத் தேவையில்லை என்பதால் எங்கும் சேமிக்கவில்லை. ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்ற அறிவிப்பின் பொருள் இவ்வளவே: இந்தக் கணத்தில் அந்த மதிப்பு இருப்பதாகச் சொல்லத்தக்க இடம் எதுவுமில்லை. அது சலிப்பூட்டினாலும் நேர்மையான விடை. தவறான வழியில் அனுப்பியது, விடை கிடைத்த நீளம்தான்.

மடக்கின் கட்டளைகளை வாசித்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் ஆர்பிபியுடன் பதிவின் நீளம் கூட்டப்படுவதும், ஆர்12-இலிருந்து அதே அளவு கழிக்கப்படுவதும் தெரிந்தன. அந்த இடத்தில்தான் ஆய்வின் திசை மாறியது. டீபக்கர் காட்டிய 18446744073709551608 ஆர்12-இன் இப்போதைய மதிப்பு. நுழைவில் இருந்த மதிப்பு அல்ல. அதோடு, ஒன்று கூடும் அளவுக்கே மற்றது குறைவதால் இரண்டின் கூட்டுத்தொகை மடக்கு முழுவதும் மாறாது. அந்தக் கூட்டுத்தொகை என்ன? செய்தி முடியும் இடத்தின் முகவரி. நுழைவு மதிப்புகள் இரண்டும் அழிந்துவிட்ட பின்னும், செய்தி எங்கே முடிய வேண்டும் என்ற தகவல் அழியாமல் இருந்தது. கூட்டிப் பார்த்தபோது அந்த முடிவிடம், பகுப்பி நின்றிருந்த இடத்தைவிட 8 பைட்டுகள் முந்தைய முகவரியில் இருந்தது.

நுழைவு மதிப்பைத் தனியே காட்டும் வசதி, குழு பயன்படுத்திய டீபக்கரான ஜிடிபியில் உண்டு. அழைத்த இடத்தைப் பற்றிக் கம்பைலர் எழுதிவைத்த குறிப்பிலிருந்து அந்த மதிப்பை மீட்டு, மாறியின் பெயருடன் ‘என்ட்ரி’ என்ற ஒட்டைச் சேர்த்து அது காட்டும். 2017-இல் வெளியான ட்வார்ஃப் 5 என்ற டீபக் தகவல் வடிவத்தில் இதற்கான குறியீடு முறையாக இடம்பெற்றது. இந்தக் கோப்பில் நீளத்துக்கு அவ்வரி வரவில்லை. அழைக்கும் கணத்தில் ஏற்பி அதை ஆர்டிஎக்ஸில் கணக்கிட்டுக் கொடுத்ததே தவிர, அழைப்புக்குப் பின்னும் நிலைக்கும் ரெஜிஸ்டர் எதிலும் வைத்திருக்கவில்லை. எனவே கையால் மீட்பது என்று முடிவாயிற்று.

ஏற்பியின் ஃபிரேமில் கண்டவை

ஏற்பியில் அழைப்புக்குச் சற்று முன்புள்ள கட்டளைகளே, பகுப்பிக்கு உண்மையில் என்ன கொடுக்கப்பட்டது என்பதன் சாட்சி. செய்தியை விவரிக்கும் ஸ்ட்ரக்ட் (பல புலங்களின் தொகுப்பு) ஒன்றின் முகவரி ஆர்13-இல் இருந்தது. அதன் 24-ஆம் பைட்டிலிருந்து மொத்த நீளத்தை 32-பிட்டாக எடுத்து, 16-ஐக் கழித்து, ஆர்டிஎக்ஸின் கீழ்ப் பாதியில் வைக்கிறது. 32-ஆம் பைட்டிலிருந்து பஃபரின் முகவரியை எடுத்து, 16-ஐக் கூட்டி, ஆர்எஸ்ஐயில் வைக்கிறது. பிறகு அழைக்கிறது.

பகுப்பியும் ஆர்13-ஐத் தன் வேலைக்குப் பயன்படுத்தியிருந்தது. ஆனால் மரபுப்படி நுழைந்தவுடன் பழைய மதிப்பை ஸ்டாக்கில் தள்ளியிருந்தது. டீபக்கர் ஃபிரேம்களை அவிழ்க்கும்போது இத்தகைய ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கிலிருந்து மீட்டுத் தருகிறது. ஏற்பியின் ஃபிரேமைத் தேர்ந்துகொண்டு ஆர்13-ஐக் கேட்டால் ஏற்பிக்கு உரிய மதிப்பே வரும். ஆர்டிஎக்ஸைப் போன்ற ரெஜிஸ்டர்களுக்கு இந்த மீட்பு இல்லை. மேல் ஃபிரேமில் நின்று கேட்டாலும் ஏற்பியின் ஃபிரேமில் நின்று கேட்டாலும் அவற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முறிந்த கணத்தின் அதே எண். ஜிடிபியும் அதை எச்சரிக்கை ஏதுமின்றிக் காட்டிவிடும். முதல் ஆய்வில் ஒருவர் ஏற்பியின் ஃபிரேமில் ஆர்டிஎக்ஸைக் கேட்டு, வந்த எண்ணைக் குறித்துவைத்திருந்தார் என்பது அவரது குறிப்பேட்டிலிருந்து தெரிந்தது. அந்த எண்ணுக்கு இந்த நிகழ்வில் எந்தப் பொருளும் இல்லை.

ஸ்ட்ரக்டைப் படித்தபோது மொத்த நீளம் 200. ஆகவே பகுப்பிக்குக் கொடுக்கப்பட்ட நீளம் 184. பஃபரின் தொடக்கத்துடன் 16-ஐக் கூட்டி, அதைப் பகுப்பியின் இப்போதைய பாயின்டரிலிருந்து கழித்தால் 192. 184-இலிருந்து 192-ஐக் கழித்தால் −8. மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த எண்கள் ஒன்றோடொன்று இசைந்தன. நினைவகத்தில் இருப்பதும் முறிந்த கணத்தின் மதிப்புதான் என்ற ஐயத்தை இங்கும் விட்டுவிடவில்லை; பகுப்பியோ வேறு இழையோ அந்த ஸ்ட்ரக்டில் எழுதுவதில்லை என்பது மூலநிரலைப் படித்து உறுதிசெய்யப்பட்டது.

எஞ்சிய வேலை எளிது. பஃபரில் முதல் பதிவு 64 பைட், இரண்டாவதும் 64 பைட். மூன்றாவதின் நீளப் புலமும் 64 என்றே சொன்னது, ஆனால் எஞ்சியிருந்தவை 56 பைட்டுகளே. 56-இலிருந்து 64-ஐக் கழித்தபோது குறியிலா எண் சுழியைத் தாண்டிக் கீழே இறங்கி மிகப்பெரிய எண்ணாயிற்று. ‘சுழியைவிடப் பெரியதா’ என்ற மடக்கின் சோதனை மனநிறைவுடன் அதை ஏற்று, செய்திக்கு வெளியே நான்காவது பதிவைத் தேடிப் போனது. செய்தியை அனுப்பிய மறுமுனையில், ஒருவகைப் பதிவின் உடல் இன்னும் பழைய 56 பைட் வடிவில் இருக்க, நீளப் புலம் மட்டும் புதிய வடிவத்தின் மாறிலியிலிருந்து நிரப்பப்பட்டிருந்தது.

முறிவு ஏன் அரிதாக நேர்ந்தது

அத்தகைய செய்திகள் அன்றாடம் வந்துகொண்டிருந்தும் நிரல் எப்போதாவதுதான் முறிந்தது. பஃபருக்குப் பின்னால் ஹீப்பில் (ஓடும்போது நினைவகம் ஒதுக்கப்படும் பகுதியில்) போதிய இடம் இருந்தால், தாண்டிப் படிப்பது எந்தப் பிழையையும் எழுப்புவதில்லை. கிடைத்த குப்பை, அறியப்படாத வகைப் பதிவாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படும். சில சுற்றுகளுக்குள் நீளம் சுழியாகத் தெரியும் இடம் ஒன்று வந்து, வேறொரு சோதனையால் மடக்கு முடியும். பஃபர் தன் இழையின் ஹீப் முடிவுக்கு அருகில் ஒதுக்கப்பட்டு, குப்பை நீளமும் பெரியதாக அமைந்தால் மட்டுமே படிக்க முடியாத பக்கத்தை எட்டும். ‘அறியப்படாத வகை’ என்ற எச்சரிக்கை பதிவேட்டில் நெடுநாள்களாக வந்துகொண்டிருந்தது. மறுமுனையின் புதிய பதிவு வகைகள் என்று கருதி அதை யாரும் பொருட்படுத்தவில்லை. முறிவுகளைவிட இந்த மௌனமான தவறான வாசிப்பே பெரிய கேடு என்பது இதை எழுதுபவரின் கருத்து.

திருத்தமும் சரிபார்ப்பும்

பகுப்பியில் கழிப்பதற்கு முன்பே, நகலெடுப்பதற்கும் முன்பே, இரண்டு சோதனைகள் சேர்க்கப்பட்டன. பதிவின் நீளம் இரண்டுக்குக் குறைவாகவோ எஞ்சிய நீளத்தைவிட அதிகமாகவோ இருந்தால் செய்தி முழுவதும் நிராகரிக்கப்பட்டு, இரு எண்களும் பதிவேட்டில் எழுதப்படும். நீளப் புலத்தைப் படிக்கவே இரண்டு பைட் எஞ்சியிருக்க வேண்டும் என்பதும் இப்போது சோதிக்கப்படுகிறது. ஏற்பியில் முன்பு சேர்த்த நிபந்தனை நீக்கப்படவில்லை. தவறான காரணத்துக்காகச் சேர்த்ததாயினும், அது அடைத்த ஓட்டை உண்மையானது.

கோர் கோப்பிலிருந்து எடுத்த 200 பைட்டுகளை அப்படியே சோதனை உள்ளீடாக்கி, பழைய பகுப்பியை, நினைவகத் தவறுகளைக் கண்டறியும் அட்ரஸ்சானிடைசருடன் கட்டி ஓட்டியபோது, மூன்றாவது பதிவை நகலெடுக்கும் இடத்திலேயே, பஃபரின் எல்லையைத் தாண்டிய வாசிப்பு என்று அது நின்றது. அதாவது, உண்மையான தவறு முறிவுக்கு ஒரு சுற்று முன்பே நடந்துவிட்டது. திருத்திய பகுப்பி அதே உள்ளீட்டை நிராகரித்தது. மறுமுனையைப் பராமரிப்பவர்களுக்கு அந்தப் பதிவின் பைட்டுகளும் எதிர்பார்த்த நீளமும் அனுப்பப்பட்டு, அங்கும் திருத்தம் செய்யப்பட்டது.

இனி மாறுபவை

பகுப்பி மறுபடியும் எழுதப்பட்டிருக்கிறது. ஆர்கியுமென்ட்களைத் தாங்கும் மாறிகள் அனைத்தும் கான்ஸ்ட் (மாற்றக் கூடாதவை) என்று அறிவிக்கப்பட்டு, நகரும் பாயின்டர் தனி உள்மாறியாயிற்று. எஞ்சிய நீளத்தைச் சேமித்துக் குறைப்பதற்குப் பதிலாக, மாறாத முடிவு முகவரியிலிருந்து ஒவ்வொரு முறையும் கணக்கிடப்படுகிறது. உகப்பாக்கம் இந்த மாறிகளை அழிக்கலாம் என்பது தெரிந்ததே. அழித்தால் டீபக்கர் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று சொல்லும். வேறொரு கணத்தின் எண்ணை ஆர்கியுமென்ட் போலக் காட்டாது. ஒவ்வொரு இழையும் தான் கடைசியாகப் பெற்ற சில செய்திகளின் தலைப்பகுதிகளை நிலையான ஓர் அணியில் வைத்துக்கொள்கிறது. கோர் கோப்பில் அதைத் தேடி எடுக்க ஸ்டாக் அவிழ்ப்பு தேவையில்லை.

முறிவு ஆய்வுக்கான குழுவின் நடைமுறையில் வரிசை மாறியிருக்கிறது. பேக்ட்ரேஸில் சந்தேகத்துக்குரிய ஆர்கியுமென்ட் தெரிந்தால், அதன் மூலத்தைத் தேடும் முன், அந்த மாறியைச் செயற்கூறு எங்காவது மாற்றுகிறதா என்று மூலநிரலில் பார்க்க வேண்டும். மாற்றுகிறது என்றால் நுழைவு மதிப்பை டீபக்கர் தருகிறதா என்று பார்த்து, தராவிட்டால் அழைத்த செயற்கூற்றின் கட்டளைகளிலிருந்து மீட்க வேண்டும். எண்களை எழுதும்போது அகலமும் குறிக்கப்பட வேண்டும். −8 என்று சுருக்கக் கூடாது. இவற்றுள் கடைசியானது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் அது ஒன்றே முதல் முடிவைத் தடுத்திருக்கும்.

அனைத்துக்கும் இவ்வளவு உழைப்பு தேவையா என்ற கேள்வி குழுவில் எழுந்தது. தேவையில்லை என்பதே ஏற்கப்பட்ட விடை. வெற்றுப் பாயின்டரால் நேரும் முறிவுகளில் பேக்ட்ரேஸ் வரியே பெரும்பாலும் போதும். நீளம், எண்ணிக்கை, நகரும் பாயின்டர் ஆகியவை ஆர்கியுமென்ட்களாக வரும் செயற்கூறுகளுக்கு மட்டும் இந்த முறை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

கோர் வரம்பு நீக்கப்பட்ட பின் சேர்ந்திருந்த வேறு இரண்டு கோர் கோப்புகளும் இதே முறையில் மறுபடி திறக்கப்பட்டன. ஒன்றில் பாயின்டரையும் நீளத்தையும் கூட்டியபோது செய்தியின் முடிவிடம் சரியாக வந்தது, 56 பைட் பதிவும் அங்கே இருந்தது. மற்றதில் கூட்டுத்தொகை எந்தச் செய்தியின் முடிவோடும் பொருந்தவில்லை; ஸ்ட்ரக்டே அழித்தெழுதப்பட்டிருந்தது. அது வேறொரு தவறு எனக் கொள்ளப்பட்டு, அதன் ஆய்வு தனியாகத் தொடர்கிறது.